பாத்துக்கலாம்

திரையில் எல்லாம் பச்சை.

அவளுக்கு அதுதான் உறுத்தியது.

பாம்புக்கடி மருந்துப் பெட்டி டிப்போவைவிட்டுக் கிளம்பி இருபத்தாறு நிமிடம் ஆயிற்று என்கிறது மென்பொருள். வண்டியைக் காட்டும் புள்ளியோ டிப்போ வாசலிலேயே நிற்கிறது.

மலைமேல் சுகாதார நிலையத்தில் அமலோற்பவம் படுத்திருக்கிறாள். தேயிலை பறிக்கும்போது கடி. அங்கே மருந்து தீர்ந்துவிட்டது. இரண்டு மணி நேரத்துக்குள் வந்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மனிதர் கை படாத ஏற்பாடு என்று கம்பெனி பீற்றிக்கொண்டது இதைத்தான். மூன்று மென்பொருள் ஏஜென்ட்டுகள். ஒன்று மருந்தைத் தேடும், ஒன்று வண்டி பிடிக்கும், ஒன்று வழி சொல்லும். மூன்றையும் மேய்க்க ஒரு தலைமை ஏஜென்ட். எழுதியவர்களில் அவளும் ஒருத்தி.

டிரைவரைப் போனில் பிடித்தாள்.

"வழி வரும்னு நின்னுக்கிட்டிருக்கேன் மேடம். இன்னும் வரலையே."

"அது வராதுண்ணே. உங்களுக்குத் தெரிஞ்ச வழில போங்க. சீக்கிரம்."

புள்ளி நகர்ந்தது. எஸ்டேட்டுக்குள் திரும்பியது. சிக்னல் போனது.

புள்ளி இல்லாத திரையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பதிவுகளைத் திறந்தாள்.

மெயின்ரோட்டில் மண்சரிவு. எஸ்டேட் பாதை மென்பொருளின் வரைபடத்தில் கிடையாது. வழி சொல்லும் ஏஜென்ட் திகைத்திருக்கிறது. திகைத்தால் தலைமைக்கு அனுப்ப வேண்டிய வாசகத்தைச் சமர்த்தாக அனுப்பியிருக்கிறது.

பாத்துக்கலாம்.

யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டது தலைமை. பச்சை போட்டுவிட்டது.

அவள் தட்டிய வார்த்தைதான். வழியே கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று மார்ச் மாதம் கேட்டாள். பாத்துக்கலாம் என்றார் மேனேஜர். வாசகம் எழுத வேண்டிய இடம் காலியாக இருக்க வேண்டாமே என்று அதையே போட்டுவைத்தாள். அப்புறம் யாரும் பார்க்கவில்லை. அவளும்தான்.

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

புள்ளி இன்னும் வரவில்லை.

கெடு முடியுமுன், மூன்று நாற்பதுக்கு டாக்டரே கூப்பிட்டார். பெட்டி வந்துவிட்டது. மருந்து ஏறுகிறது. அமலோற்பவம் கண் திறந்து தண்ணீர் கேட்டாளாம்.

மேனேஜர் கைதட்டினார். யாரோ எல்லோருக்கும் டீ சொன்னார்கள். அவளுக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள்.

பிறகு அந்த ஒரு வார்த்தையைத் தேடலில் போட்டாள். மார்ச்சிலிருந்து இன்றுவரை.

இன்றையதைத் தவிர மூன்று.

மூன்றும் பச்சை.

முதலாவது ஜூன் ஒன்பது. வேறொரு மலை, வேறொரு சுகாதார நிலையம். அதன் எண்ணை அழுத்தினாள்.

நர்ஸ் எடுத்தார். தேதியைச் சொல்லி, அன்று மருந்துப் பெட்டி எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டாள்.

தாள்கள் புரளும் சத்தம். நிறைய நேரம் புரண்டன.

"எந்தப் பெட்டிம்மா?"