விஜிலாவின் சம்மதம்

"உங்க அப்பா உங்களை அடிச்சாங்களா?"

"அடிச்சாவ, சாமி."

விவிலியத்தின் மேல் வைத்த கையை எடுத்துவிடலாமா என்று விஜிலாவுக்குத் தெரியவில்லை. அப்படியே வைத்திருந்தாள். நண்டுக் கம்பெனியில் ஓடு உடைத்து உடைத்துக் காய்த்துப்போன கை.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பாதிரியார் தலையசைத்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு கன்னியாஸ்திரி, சொல்வதையெல்லாம் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தார்.

அடித்தது புதிய செய்தி இல்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் இடுப்பு வாரால் விழுந்த அடியைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பிலோமி சித்தி கேட்டிருக்கிறாள். போன மாதமே இதே அறைக்கு வந்து சாட்சியும் சொல்லிவிட்டாள். மறுநாள் பீடத்துக்கு முன்னால் கன்னம் வீங்கி நின்ற கல்யாணப் பெண்ணைத் தெருவே பார்த்தது.

மாப்பிள்ளை கிளாட்வின், மாலத்தீவுக்குச் சரக்குத் தோணி ஓட்டிய அப்பாவிடம் வேலை பார்த்தவன். தன் ஆளுக்குக் கொடுத்த வாக்குக்காகப் பெற்ற மகளை அடித்துக் கட்டிவைத்தார் மனுஷன் என்று எல்லோரும் பேசினார்கள்.

கிளாட்வின் கொஞ்ச காலம்தான் இருந்தான். பிறகு ஒரு நாள் கொச்சிக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். இப்போது அங்கே அவனுக்குப் பெண்டாட்டி, பிள்ளைகள். கோர்ட்டில் விவாகரத்து கிடைத்துப் பல வருஷம் ஆகிறது. கோயிலில்தான் விஜிலா இன்னும் அவன் மனைவி. அந்தக் கல்யாணம் செல்லாது என்று இந்தத் திருச்சபை மன்றம் தீர்ப்புச் சொன்னால்தான் அங்கே இன்னொரு கல்யாணம் செய்ய முடியும்.

"பயத்துல சொன்ன சம்மதம் சம்மதமே இல்லைம்மா," என்றார் பாதிரியார். "மனசு சுதந்திரமா சொன்னாத்தான் அது அருட்சாதனம். இல்லைன்னா அந்தக் கல்யாணமே நடக்கலைன்னுதான் அர்த்தம். நிதானமா சொல்லுங்க."

நடக்கவே இல்லை. எவ்வளவு நன்றாக இருக்கிறது கேட்க.

ஜன்னல் வழியே தேவதாசன் தெரிந்தான். வேப்பமர நிழலில், தேய்த்துப் போட்ட சட்டையில், உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே இருந்தான்.

கம்பெனிக்கு ஐஸ் கொண்டுவரும் வண்டி அவனுடையது. மனைவியை இழந்தவன். விஜிலாவின் விரல்கள் கிழிந்திருப்பதைப் பார்த்து, ஒரு வார்த்தை பேசாமல், பிளாஸ்திரி வாங்கி வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போவான். கடைசியில் வாய் திறந்தபோது கல்யாணத்தைத்தான் கேட்டான். "கோயில்ல வச்சுத்தான். வேற மாதிரி எனக்கு வேண்டாம்." அன்றிலிருந்து இன்றுவரை அவள் கையைக்கூடத் தொட்டதில்லை. போன வாரம் போன் பண்ணி, வீட்டுக்கு என்ன பெயிண்ட் அடிக்கட்டும் என்று கேட்டான். இளம்பச்சை என்றாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு அன்று முழுவதும் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு அடிச்சாங்க?"

கேட்க வேண்டுமே என்பதற்காகக் கேட்ட கேள்விதான். பதில் எல்லோருக்கும் தெரியும். கன்னியாஸ்திரியின் விரல்கள் அதை அடிக்கத் தயாராக இருந்தன.

கட்டிக்கொள்ளச் சொல்லித்தான் அப்பா அடித்தார் என்று ஊர்க் கோயிலின் பங்குச் சாமியாரிடம் பிலோமி சித்தி முதன்முதலாகச் சொன்னபோது, விஜிலா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் எதுவும் சொல்லவில்லையே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். இப்போது அவள்தான் சொல்ல வேண்டும்.

"அவரைக் கட்டாதேன்னு சொல்லி அடிச்சாவ, சாமி."

தட்டும் சத்தம் நின்றது.

"அவன் எந்தக் கரையிலயும் தங்க மாட்டான், நான் அவன்கூடக் கடல்ல கெடந்தவன், எனக்குத் தெரியும்னு எங்கிட்டக் கெஞ்சினாவ. நான் கேக்கல. அப்புறந்தான் வாரை எடுத்தாவ."

"நீங்க?"

"அவருதான் வேணும்னு நின்னேன். என்னை யாரும் பிடிச்சுத் தள்ளல, சாமி."

அந்தக் காலை அவளுக்கு நினைவு வந்தது. சம்மதமா என்று கேட்டு முடிப்பதற்குள் "சம்மதம்" என்று அவள் சொன்ன வேகத்தில் முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வீங்கிய கன்னம் வலித்தது. அதற்கு முன்னும் பின்னும் எதையும் அவ்வளவு முழுமனசாகச் சொன்ன ஞாபகம் அவளுக்கு இல்லை.

பாதிரியார் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இப்படிச் சொன்னா என்ன ஆகும்னு தெரியுமாம்மா?"

"தெரியும், சாமி."

கன்னியாஸ்திரி அவள் முகத்தைப் பார்க்காமல் அதைத் தட்டி முடித்தார்.

வெளியே வந்தாள். தேவதாசன் சிரித்துக்கொண்டே எதிரே வந்தவன், பாதியில் நின்றான். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே போய்ப் படியில் உட்கார்ந்தான். அவ்வளவு நேரம் நின்றது அப்போதுதான் காலுக்குத் தெரிந்ததுபோல.

"சித்தி அப்படித்தானே சொன்னாவ?"

"சித்திக்குச் சத்தந்தான் கேட்டுச்சு."

அவன் முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். "சரி," என்றான் கடைசியில். இனி அந்த வீட்டுக்குப் பச்சை அடித்தாலும் அடிக்காவிட்டாலும் ஒன்றுதான் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

எழுந்து வண்டிச் சாவியைத் தேடியவன், திரும்பிக் கேட்டான். "உங்க அப்பா சாகுற வரைக்கும் ஊரு அவரைப் பேசிக்கிட்டே இருந்துச்சே. ஒருத்தர்கிட்டயாவது உண்மையச் சொல்லியிருக்கலாமே?"

கிளாட்வின் போன பிறகு, தெருப் பெண்கள் வாசலில் நின்று அப்பாவை ஏசிய அன்று, உண்மையைச் சொல்லிவிட அவள் எழுந்து ஓடினாள். அப்பா அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"ஏளா, சும்மா இரு," என்றார். "அடிச்சுக் கட்டிவச்சான்னு ஊரு என்னையே சொல்லட்டும். நாளைப்பின்ன நல்லவன் ஒருத்தன் வந்தா, அது உனக்கு ஒதவும்."