கருப்பட்டிக் காசு

ஊர்ச் சந்தைக்குள் மட்டும் செல்லட்டும் என்று கருப்பட்டியில் காசு வார்த்துப் புழங்கவிட்டவள் ஜெபக்கனி. "பி.காம் படிச்ச புள்ள மிட்டாய் காய்ச்சுது" என்று இளித்த வட்டிக்கடைத் தாசையா, அந்தக் காசு புழங்கியதில் தன்னிடம் கடனுக்கு ஆள் வராமல் போனதும், கூடுதல் ரூபாய் கொடுத்து அத்தனை காசையும் வாங்கிப் பெட்டிக்குள் பூட்டினார். பதநீர்க் காலம் முடிந்திருந்தது. புதுக்காசு வார்க்க வழியில்லை. கைக்கு வந்த ரூபாய் டவுன் கடைகளுக்குப் போய்விட, சந்தை ஈயோட்டியது. ஜெபக்கனி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

மழை பிடித்த மறுநாளே தாசையா சொறிந்துகொண்டு ஓடிவந்தார்.

"ஏட்டி, வீடு பூரா எறும்பு! கட்டில்லயும் ஏறிட்டு!"

"பூட்டி வச்சா ஏறத்தான் செய்யும் அண்ணாச்சி. செலவழிங்க, எறங்கிரும்."

அன்று அவர் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினார். கத்தரிக்காய், கருவாடு, வேண்டாத விளக்குமாறு. மீன்காரி சந்தனமாரி அவர் நீட்டிய காசை வாங்கி, எறும்பை அவர் பக்கமாகவே ஊதிவிட்டாள்.