கழலாத குரல்

கோவைக்கு அருகே ஒரு இரும்பு வார்ப்பாலை. அங்கே மேலாளரான முதல் வருஷம், மரகதவல்லி சொன்ன எதுவும் யார் காதிலும் ஏறவில்லை. நிர்வாகம் அவளுக்கு ஒரு ஹெல்மெட் கொடுத்தது. அதற்குள் அவள் பேசினால், தொழிலாளர்கள் காதில் மாட்டிய கருவியில் கரகரத்த ஆண் குரல் கேட்கும். பேசுவது அவள்தான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மறுநாளே கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்தார்கள்.

ஒரு நாள் உருக்கிய இரும்போடு கொப்பரை கிரேனில் நகர்ந்துகொண்டிருந்தபோது, அதைத் தாங்கிய சங்கிலிகளில் ஒன்று அறுந்தது. அறுந்த முனை அவள் ஹெல்மெட்டைப் பிய்த்துக்கொண்டு போனது. காதோரம் கிழிந்து ரத்தம் கொட்டியது.

"ரங்கண்ணா, கிரேனை நிறுத்துங்க" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

கிரேன் ஓட்டும் ரங்கசாமி திரும்பி அவளைப் பார்த்தார். பார்த்தபடியே லீவரை இன்னும் முன்னால் தள்ளினார். கொப்பரை சரிந்து, கீழே அச்சு கட்டிக்கொண்டிருந்த பழனியப்பன் மேல் கொட்டியது. அவன் அலறக்கூட இல்லை. இடுப்புக்குக் கீழேதான் ஆள் மிச்சம் இருந்தான்.

விசாரணையில் ரங்கசாமி கைகட்டி நின்றார். "மேடம் கத்துனது கேட்டுச்சுங்க. பொம்பள, ரத்தத்தப் பாத்துப் பயந்துட்டாங்கன்னு நெனச்சனுங்க. உத்தரவு காதுல வரட்டும்னு பாத்துட்டிருந்தனுங்க."

நிர்வாகி தலையாட்டினார். "அவரச் சொல்லிக் குத்தமில்ல. ஹெல்மெட்டுன்னா கழலத்தான் செய்யும். அந்தக் குரல் கருவிய மேடம் தொண்டைக்குள்ளயே வெச்சுத் தெச்சரலாம்."

"வேண்டாம்" என்றாள் மரகதவல்லி, தன் சொந்தக் குரலில்.

மேசையைச் சுற்றி யாரும் நிமிரவில்லை. ஆபரேஷனுக்குத் தேதி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.