பட்டியலில் இல்லாத ஸ்பீக்கர்கள்

"என் பேரு சொக்கம்மா. குற்றாலத்துல சிப்ஸ் கடை வச்சிருக்கேன். எண்ணெயக்கூட மோந்து பாக்காம சட்டியில ஊத்த மாட்டேன். அதனால நீங்க சொல்லுததுக்கெல்லாம் சட்டுனு தலையாட்டுவேன்னு நினைக்காதிய, தம்பி. எல்லாத்தையும் கையில தந்து காட்டணும்."

தென்காசியில் கார் ஸ்டீரியோ கடை நடத்தும் பாரூக்குக்குச் சிரிப்பு வந்தது. அறுபதைக் கடந்த இந்த அம்மாளுக்கு ஸ்டீரியோவில் என்ன தெரிந்துவிடும் என்று எண்ணியவாறே காரின் கதவைத் திறந்தவர், திகைத்து நின்றார்.

ஒன்பது வருடப் பழைய கார். கம்பெனியிலேயே பொருத்தி வந்த ஸ்டீரியோ நொறுங்கி, வயர்கள் வெளியே தொங்கின.

"ஆக்சிடெண்டா, ஆச்சி?"

"ஸ்பானர். மஞ்சு பாட்டுக் கேட்டுக்கிட்டே வண்டி ஓட்டியிருக்கா. புருசன்காரன் போன் அடிச்சது காதுல விழல. வீடு வந்து சேந்ததும், அவன் ஸ்பானர எடுத்துட்டான்."

"மஞ்சு..."

"நம்ம பிள்ளைதான். வண்டிய இங்கன விட்டுட்டு, துணிமணி எடுத்துவைக்கப் போயிருக்கா."

பாரூக் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இதே மாடல் செகண்ட்ல ஒன்னு கிடக்கு. போட்டுரட்டுமா?"

"பழையபடி எதுவும் வேண்டாம். இருக்கதுல நல்லதச் சொல்லுங்க."

அவர் சொன்னார். புது ஸ்டீரியோ மட்டும் போதாது. கதவு ஸ்பீக்கர்களின் காகிதம் கிழிந்திருக்கிறது, நான்கையும் மாற்ற வேண்டும். ஒரு ஆம்ப்ளிஃபயர், சீட்டுக்கு அடியில் சின்ன ஊஃபர். பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்து ஃபியூஸ் போட வேண்டும்.

சொக்கம்மாள் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் வாங்கி, தேங்காயைத் தட்டுவது போலத் தட்டிப் பார்த்தாள்.

"வண்டி வயர அறுப்பியளோ?"

"அறுக்க வேண்டாம் ஆச்சி, அப்படியே சொருகிக்கிட கப்ளர் இருக்கு."

"அப்ப மாட்டுங்க. அறுக்க வேண்டியது வேற இருக்கு. அத நாங்க பாத்துக்கிடுதோம்."

வேலை பாதியில் இருக்கும்போது சாரலில் நனைந்தபடி ஒருவர் பைக்கை நிறுத்தினார். போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர் என்பது மீசையிலேயே தெரிந்தது.

"மதினி! என்ன கூத்து இது? பாய், அந்த ஸ்க்ரூவக் கீழ வைங்க!"

"வேல்சாமின்னு பேரு. மஞ்சு புருசன் ராஜாவுக்குச் சித்தப்பா" என்று பாரூக்கிடம் சொன்ன சொக்கம்மாள், "நீங்க மாட்டுங்க தம்பி" என்றாள்.

வேல்சாமி சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார். கல்யாணத்தன்று பெண் வீட்டார் கொடுத்த சீர்வரிசைப் பட்டியல். இருவரையும் பிரித்துவிடுவதென்று இரு வீட்டாரும் கூடிப் பேசியபடி, அதில் உள்ளவை அனைத்தும் மறுநாள் பெண்ணோடு அவள் தாய்வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

"பாட்டுப்பெட்டியோட கார் ஒன்னு. இவ்வளவுதான் எழுதியிருக்கு. ஏதோ ஒரு பழைய பெட்டிய ஒட்டவச்சுக் கொடுத்தா கணக்கு நேராயிரும். நாலு ஸ்பீக்கரும் ஊஃபரும் இதுல எங்கன இருக்கு?"

"ஸ்பானருந்தான் அதுல இல்ல."

"கோவத்துல ஒரு தட்டு தட்டிட்டான். ஆம்பளப் பிள்ளன்னா அப்படித்தான். அதுக்காக, நாளைக்கு வண்டி கடைத்தெரு வழியா அலறிக்கிட்டுப் போகணுமா? குடும்ப மானம் என்னாகும்?"

"பெட்டியில விழுந்த அடிக்கு இவ்வளவு பேச்சு. அவ முதுகுல விழுந்தப்போ உங்க மானம் எங்கன போயிருந்துச்சு?"

வேல்சாமியின் குரல் தாழ்ந்தது. "மதினி, ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். ஒன்பது வருசமா அவ அழுதது வெளிய கேக்கல. இனி பாடுதது கேக்கட்டும்."

"இதுக்கு நீங்க அனுபவிப்பிய!" என்று பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு அவர் போய்விட்டார்.

வேலை முடிந்து பாரூக் பாட்டைப் போட்டதும் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தனர். அவர் சத்தத்தைக் குறைக்கக் கை நீட்டினார். சொக்கம்மாள் அந்தக் கையை விலக்கி, இன்னும் கொஞ்சம் கூட்டினாள். கதவின் மேல் உள்ளங்கையை வைத்து, ஒரு பாட்டு முடியும்வரை நின்றாள்.

பாரூக்குக்கு மனம் நெகிழ்ந்தது. அவர் வீட்டிலும் இரண்டு பெண்கள் உண்டு.

"பொண்ணப் பெத்தவங்கன்னா உங்கள மாதிரி இருக்கணும், ஆச்சி. மாப்பிள்ள வீட்டுக்காரர நேருக்கு நேரா நின்னு கேட்டியளே!"

சொக்கம்மாள் பாட்டை நிறுத்தினாள்.

"மஞ்சுவப் பெத்தவ ராயகிரியில இருக்கா, தம்பி. நான் ராஜாவப் பெத்தவ" என்றவள், கார்க் கதவை மெதுவாகச் சாத்தினாள். "நாளைக்கு மஞ்சுகூட நானும் கிளம்புதேன்."