இரக்கப்பட்ட கேமரா

"என்ன மாப்ளே, மேலிடத்து உத்தரவா? அந்தப் பொண்ணு எந்திரிச்சு நின்னதும் கேமராவைத் திருப்பிட்டீங்களே!"

போனிலேயே குத்தினார் மச்சான்.

சட்டசபை நேரலையில் எந்தக் கேமராவின் படம் வெளியே போக வேண்டும் என்று பொத்தானை அழுத்துவது என் வேலை. நாடு எதைப் பார்க்கலாம் என்று தீர்மானிக்கிறவன் நான். வீட்டில் ரிமோட்கூட என் கைக்கு வராது, அது வேறு விஷயம்.

நடந்தது இதுதான். புதிதாக ஜெயித்து வந்த பெண் உறுப்பினருக்கு இன்று முதல் பேச்சு. எழுந்தார். மைக்கைச் சரிசெய்தார். அப்படியே நின்றுவிட்டார். உதடு துடித்தது, கண் கலங்கியது, பேச்சு மட்டும் வரவில்லை.

எதிர்வரிசையில் சிரிப்பு. "மனப்பாடம் மறந்துபோச்சா?" என்று ஒரு குரல்.

எனக்கு மனசு கேட்கவில்லை. சட்டென்று சபாநாயகரின் படத்துக்கு மாற்றினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் உட்காரும்வரை அவர் துடைத்தார், நான் காட்டினேன்.

அதற்குள் ஊரெல்லாம் ஒரே பேச்சு: கேமரா அரசாங்கத்தின் கையில்!

"உத்தரவும் இல்ல, ஒண்ணும் இல்ல மச்சான். பாவம்னு நானாதான் செஞ்சேன்."

போனை வைத்துவிட்டு, நல்லதுக்குக் காலமில்லை என்று ஒரு பெருமூச்சு விட்டேன். உள்ளுக்குள் என்னை நானே மெச்சிக்கொண்டதில் உச்சி குளிர்ந்திருந்தது.

கட்டுப்பாட்டு அறைக் கதவு திறந்தது. அந்தப் பெண் உறுப்பினரே வந்து நின்றார். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று, முகத்தில் அவசரமாக அடக்கத்தை வரவழைத்துக்கொண்டேன்.

"உக்காருங்க மேடம். நன்றியெல்லாம் எதுக்கு..."

"கேமராவைத் திருப்பச் சொன்னது யாரு சார்?"

"யாரும் சொல்லல மேடம். பேச்சு மறந்து தவிச்சீங்க. ஊரே பாத்துச் சிரிக்குமேன்னு நானாத்தான் மாத்தினேன்."

"எனக்கு எதுவும் மறக்கல சார்." குரல் உடைந்தது. "எங்க ஊர் ஆலையில தீப்பிடிச்சு செத்தவங்களைப் பத்தி சபையில பேசக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. பேசத்தானே கூடாது? எனக்குக் குடுத்த நேரம் பூரா அவங்களுக்காக மௌனமா நின்னேன். அவங்க குடும்பத்தையெல்லாம் டிவி முன்னாடி உக்காரச் சொல்லிட்டு வந்திருந்தேன். கடைசியில, ஒருத்தர் கண்ணாடி துடைக்கிறதைத்தான் அவங்க பாத்தாங்க."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் கிளம்பிவிட்டார். வெட்கமாக இருந்தது.

வாசல்வரை போனவர் நின்று திரும்பினார்.

"உத்தரவா இருந்தா எதிர்த்துச் சண்டை போட்டிருப்பேன் சார். உங்க இரக்கத்தை நான் எங்க போய் எதிர்க்கிறது?"