தடம் பதிக்காத விருந்தாளி

நூருன்னிசாவின் மடிக்கணினி திடீரென்று எழ மறுத்தது. மகளின் முதல் மழலைப் பேச்சுப் பதிவுகளெல்லாம் அதற்குள் மட்டும்தான் இருந்தன. எல்லாவற்றையும் அழித்தால்தான் சரியாகும் என்றார்கள் கடையில். பக்கத்து வீட்டு செல்வின் ஒரு பென்டிரைவைச் செருகினான்.

"இதுக்குள்ள லினக்ஸ்னு வேற ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்குக்கா. உங்க டிஸ்க்ல எதையும் அழிக்காது. ரேம்ங்கற தற்காலிக மெமரியில உக்காந்தே வேலை பாக்கும். ஆஃப் பண்ணினா எல்லாத்தையும் மறந்துடும்."

திரை விழித்தது. செல்வின் ஒரு பதிவைத் திறந்தான். "உம்மா, நெலா!" என்றது சின்னக் குரல். நூருன்னிசா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். பதிவுகளையெல்லாம் நகலெடுத்துவிட்டு அவன் கணினியை அணைக்கப் போனான்.

"இரு தம்பி. இங்க வந்ததுகூட இதுக்கு ஞாபகம் இருக்காதா?"

"இருக்காதுக்கா."

"அப்ப ஆஃப் பண்ணாதே. இதுவும் இன்னொரு தரம் கேட்டுட்டுப் போகட்டும்" என்று அவள் அந்தப் பதிவை மறுபடி ஓடவிட்டாள்.