கை கழுவியவள்

“தொட்டுப் பாரும்மா” என்று மாஸ்டர் நீட்டிய, ஒரு மூலை வெட்டிய இரும்புத் துண்டில் அறுபத்தெட்டு என்று எண் அடித்திருந்தது. அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள்.

“வேண்டாம் மாஸ்டர். பார்த்தாலே குமட்டுது.”

குமட்டாமல் என்ன செய்யும்? நேற்று மாலை தட்டில் வைத்த துண்டு, காலைக்குள் சொறி பிடித்ததுபோல் துருவேறிக் கிடந்தது. விரல்கள் பதிந்த இடமெல்லாம் செம்பழுப்பாகத் தெரிந்தது.

பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அந்த இயந்திரத் தொழிற்சாலைக்குப் பயிற்சிக்கு வந்தவர்கள் அவர்கள். மேசைக்கு இரண்டு பேர். இங்கே யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். அவள் எண்பத்தொன்பது, அவளோடு ஒரே மேசையில் அரம் பிடிப்பவன் அறுபத்தெட்டு. இருவரில் ஒருவருக்குத்தான் வேலை நிரந்தரம், மற்றவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கடைசித் துண்டைப் பார்த்துவிட்டு மேனேஜர் இன்று அதைச் சொல்லிவிடுவார்.

அறுபத்தெட்டுக்கு அவள் வைத்திருந்த பெயர் எண்ணெய்ச்சட்டி. பெயரில் குற்றம் சொல்ல முடியாது. நகக்கண்ணில் கறுப்பு மசகு, முழங்கை வரை எண்ணெய், மூக்கு ஒழுகினால் துடைக்கச் சட்டைக் கை. அந்த விரல்களாலேயே சாப்பாட்டை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, “நீ சாப்பிடலையா?” என்று அக்கறையாக வேறு கேட்பான். அவள் டப்பாவை மூடிவிட்டு எழுந்துபோய்விடுவாள்.

அதைவிடக் கொடுமை, செய்து முடித்த துண்டில் எண் அடிப்பது. அச்சுப் பெட்டியில் ஒன்பதுக்கென்று தனி அச்சு கிடையாது, ஆறையே திருப்பிப் பிடித்து அடித்துக்கொள்ள வேண்டும். அவன் தன் ஆறை அடித்துவிட்டுப் பிசுபிசுவென்று நீட்டுகிற அச்சை, செத்த பல்லியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் கிள்ளி வாங்குவாள். அடித்த கையோடு குழாயடிக்கு ஓடிப்போய்ச் சோப்புப் போட்டுக் கழுவுவாள்.

அவன் தும்மினாலும் கழுவுவாள், இயந்திரத்தைக் குளிர்விக்க ஊற்றும் கூலண்ட் நாற்றம் மூக்கில் ஏறினாலும் கழுவுவாள். கை ஈரம் காய்வதற்குள் திரும்பி வந்து வேலையைத் தொட்டுவிடுவாள். சுறுசுறுப்பில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை, எல்லோருக்கும் முன்னால் துண்டைத் தட்டில் வைப்பதும் அவள்தான்.

வீட்டுக்குப் போன் போட்டு அழுதுகூடப் பார்த்தாள். “கொஞ்சம் பொறுத்துக்கோடி. வேலை உனக்குத்தான்னு சித்திகிட்ட, அத்தைகிட்டல்லாம் சொல்லிட்டேன். என் மானத்த வாங்கிடாத” என்று அம்மா சொல்லிவிட்டாள். அதற்காகத்தான் இத்தனை நாளும் மூச்சை அடக்கிக்கொண்டு அவன் பக்கத்தில் நின்றாள்.

மாஸ்டர் இளகிய மனசுக்காரர். துருப்பிடித்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் அவகாசம் கொடுத்து வேறு செய்யச் சொல்லலாமா என்று இழுத்தார். இந்த மேசையின் முடிவை நாளைக்குத் தள்ளிவைக்கும்படி மேனேஜரிடம் தானே பேசுவதாகவும் சொன்னார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அது மத்தவங்களுக்குச் செய்யுற அநியாயம் இல்லையா மாஸ்டர்? கைய சுத்தமா வச்சுக்கத் தெரியாத ஆளுக்கு இன்னொரு வாய்ப்பு எதுக்கு? இதையே காட்டுங்க.”

மாஸ்டர் அந்த மேசையின் இன்னொரு துண்டைத் தட்டிலிருந்து எடுத்து, துருப்பிடித்ததோடு சேர்த்து மேசையில் வைத்தார். அதில் எண்பத்தொன்பது. மெல்லிய எண்ணெய் மினுக்கத்தில் கண்ணாடி மாதிரி இருந்தது, துரு ஒரு பொட்டுகூட இல்லை. அதைத் தூரத்தில் நின்று பார்த்தபோதே அவளுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

கொல்லைப்புறத்தில் கூலண்ட் தொட்டியைக் கழுவப் போயிருந்த எண்ணெய்ச்சட்டி அப்போதுதான் உள்ளே வந்தான். அவனுக்கு முன்னால் அழுகிய முட்டை நாற்றம் வந்தது, அவனுக்குப் பின்னால் மேனேஜர் வந்தார். அவள் எல்லோரும் பார்க்கும்படி மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றாள். இன்றோடு இந்தப் பீடை ஒழிந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

மேனேஜர் வரிசையாக எல்லா மேசைத் துண்டுகளையும் பார்த்துக்கொண்டே வந்தார். இந்த மேசைக்கு வந்ததும் முகம் சுளித்தார்.

“யாருது இந்தக் கண்றாவி?”

மாஸ்டர் அரைமனதோடு எண்ணெய்ச்சட்டியைக் காட்டினார். அவன் துண்டைப் பார்த்தான், மாஸ்டரைப் பார்த்தான், திருதிருவென்று விழித்தான். வாய் வரை வந்த எதையோ விழுங்கிக்கொண்டு சட்டைக் கையில் மூக்கைத் துடைத்தான். அவளுக்கு உடம்பு கூசியது.

மேனேஜர் துண்டைச் சுவரில் மாட்டியிருந்த டிராயிங்கோடு ஒப்பிட்டார். புருவம் சுருங்கியது.

“என்ன மாஸ்டர், வெட்டுன மூலை மேல வரணும்ல? மத்த மேசையில எல்லாம் சரியாத்தானே வச்சிருக்கீங்க. இந்த ரெண்ட மட்டும் தலைகீழா வச்சிருக்கீங்களே.”

சொல்லிக்கொண்டே இரண்டு துண்டுகளையும் திருப்பி நேராக வைத்தார். கையில் படாமல் கைக்குட்டையால் துருப்பிடித்ததைத் தூக்கி, எண்ணைப் படித்தார்.

“எண்பத்தொன்பது யாரு?”